வேட்டை ஜக்கெற்றும் உழுந்து வடையும்

காலை ஆறு ஐம்பதுக்குச் செய்தி வந்தபோது சுஜீவா பின்வாசல் படியில் இருந்து வேட்டைச் சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். போனை எடுத்தவன் கணவன் தவநேசன். அவன் "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றதிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. மிச்சத்தை அவன் சொன்னான்.

"சுஜி, அண்ணை எங்களை விட்டுட்டுப் போயிட்டார்."

அவள் நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டு இறுக்கினாள். தொடங்கிய முடிச்சை நடுவில் விடுகிற பழக்கம் அவளிடம் இல்லை. அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

"எங்கை வைச்சு?"

"வேலை முடிஞ்சு உடுப்பு மாத்துற இடத்திலையாம். வாங்கிலை இருந்தபடியே."

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்துத் தமிழரிடையே இரண்டு சுஜீவாக்கள் உண்டு. வங்கியில் வேலை செய்கிறவள் வங்கிச் சுஜீவா. இவள் அம்புச் சுஜீவா. கொமூன் எனும் நகரசபையின் முதியோர் பராமரிப்பில் வேலை. சின்னக் காரில் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்து, காலுறை மாட்டி, கட்டிலில் இருந்து எழுப்பிவிடுகிற வேலை. உயரம் குறைவு, தோள் அகலம். நடக்கும்போது குதிக்கால் முதலில் படாது. பாதத்தின் வெளிவிளிம்பால் நிலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாரத்தை வைப்பாள். காட்டில் பழகிய நடை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. "இவள் பின்னாலை வந்து நிண்டு எனக்கு ரெண்டு தரம் நெஞ்சு நிண்டுபோனது" என்று தவநேசன் வருகிறவர்களிடம் முறையிடுவான்.

அவள் வேட்டைக்காரியானதற்குக் காரணம் ஒரு விபத்து. ஒரு நவம்பர் விடியலில், வேலைக்குப் போகும் வழியில், அவளுடைய கார் ஒரு மானை அடித்துவிட்டது. பின்கால் இரண்டும் முறிந்த மான் வீதியோரத்தில் கிடந்து உதைத்தது. உதவிக்கு ஆள் வரும்வரை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஒன்றும் செய்யத் தெரியாமல் இருந்த அந்தக் காத்திருப்புத்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அடுத்த ஆண்டே வேட்டை அனுமதிக்கான வகுப்பில் சேர்ந்தாள். துவக்குப் பகுதியை ஒருவாறு முடித்துக்கொண்டு வில்லுக்கான சோதனைக்குப் போனாள். ஏன் வில் என்று கேட்டால் நீட்டி விளக்கமாட்டாள். "வெடிச் சத்தம் கேக்க வேண்டிய அளவுக்கு ஊரிலையே கேட்டாச்சு. இனிக் காணும்."

ஒக்டோபரில் பருவம் தொடங்கினால் அந்த வீட்டின் சட்டங்கள் மாறும். மானுக்குக் கண்ணைவிட மூக்குத்தான் காவல். மனித வாடையே பிழை. இதில் யாழ்ப்பாணத்துச் சமையல் வாடை வேறு. வேட்டைக்குப் போகும் நாளுக்கு முதல்நாள் வீட்டுக்குள் தாளிதம் இல்லை, பொரியல் இல்லை, சாம்பிராணி இல்லை. மீன் பொரிக்க ஆசைப்பட்டால் தவநேசன் கராஜுக்குள் மின்னடுப்பைக் கொண்டுபோக வேண்டும். "எங்கட வீட்டிலை கறிவேப்பிலைக்கும் ஊரடங்கு" என்பான். அவளுடைய வேட்டை உடுப்புகள் வீட்டு அலுமாரியையே கண்டதில்லை. மணமில்லாத சவர்க்காரத்தில் தோய்த்து, தோட்டத்துக் கொட்டிலில் காயவிட்டு, ஊசியிலைக் கொப்புகளோடு ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்து மூடுவாள். அந்த மூடியைத் திறக்கும் உரிமை அவளைத் தவிர ஒருவருக்கும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் வில்லைத் தொடமாட்டாள். அது மானுக்காக அல்ல, முருகனுக்காக.

அவளுக்கு ஒரேயொரு அண்ணன், ஆனந்தராஜா. பிரெடெரிசியா நகரத்தில் ஒரு குழாய்த் தொழிற்சாலையில் இரவு வேலை. பெரிய உடம்பு, பெரிய குரல். அவன் வில்லைக் கையால் தொட்டதில்லை. கோழி அறுப்பதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆனால் தங்கையின் வேட்டையைப் பற்றிக் கதைப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அவள் இருபது மீற்றரில் எய்தது அவன் வாயில் ஐம்பது மீற்றராகும். பிறந்தநாள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எண்பதாகும். "அண்ணை, அவ்வளவு தூரத்திலை விட்டால் என்னைப் பிடிச்சு உள்ளை போடுவினம்" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். "நீ சும்மா இரு வேட்டுவச்சி, உனக்கு உன்ர கெட்டித்தனம் தெரியாது" என்பான் அவன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. "என்ர தங்கச்சி காயத்தோட ஒண்டையும் காட்டிலை விட்டதில்லை." எல்லாக் கதையையும் அந்த வசனத்தில்தான் முடிப்பான். அது உண்மை. அவளுக்கும் அந்த ஒரு வசனத்தைக் கேட்கும்போது மட்டும் முகம் கொஞ்சம் நிமிரும்.

செய்தி வருவதற்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை. பிரெடெரிசியாத் தமிழர் தைப்பொங்கல் ஒன்றுகூடலை வழக்கம்போலத் தை பிறந்து இரண்டு கிழமை கழித்து, மண்டபம் கிடைத்த நாளில் வைத்திருந்தார்கள். சுஜீவாவுக்குப் போக விருப்பமில்லை. மான் பருவம் ஜனவரியோடு முடிகிறது. சில நாட்களே மிச்சம். அண்ணன் விடவில்லை.

"மான் எங்கையும் போகாது. பொங்கல் வருசத்திலை ஒருக்கா."

"மானும் வருசத்திலை ஒருக்காத்தான் அண்ணை."

"விசர்க்கதை கதையாமல் வா."

போனாள். மத்தியானம் வரை இருந்துவிட்டு நேரே காட்டுக்குப் போவதாக ஏற்பாடு. வில்லும் மூடிய பெட்டியும் காரின் பின்பக்கத்தில் இருந்தன. புறப்படும்போது அண்ணன் மிஞ்சிய பொங்கலை ஒரு சட்டியில் கொண்டுவந்து காருக்குள் வைத்தான். அவன் வைத்தது சட்டியை மட்டும்தான் என்று அவள் நினைத்தாள்.

வார்தெ ஊருக்கு வடக்கே, மணல் நிலத்தில் வரிசையாக நட்ட ஊசியிலைக் காடு. நான்கைந்து பேர் சேர்ந்து வேட்டைக்கு எடுத்திருக்கும் துண்டு. பருவத்தின் கடைசியில் அங்கே மான் காண்பது இலேசான காரியம் அல்ல. நான்கு மாதமாக வேட்டைக்காரருக்குத் தப்பிப் பிழைத்தவை மட்டுமே மிஞ்சியிருக்கும். குளிர்காலச் சாம்பல் மயிரில் அவை மரத்தண்டுகளுக்கு இடையில் நின்றாலும் கண்ணில் படா. சுஜீவா மரத்தோடு சாத்திய ஏணி இருக்கையில் ஏறி, காற்று முகத்துக்கு வரும்படி இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெட்டை மான் தனியாக வந்தது. வயது போனது, மெலிந்தது, ஒவ்வொரு அடிக்கும் நின்று மூக்கை நீட்டியது. பக்கவாட்டில் திரும்பி நல்ல தூரத்தில் நின்றபோது அவள் நாணை இழுத்தாள். அந்த நேரத்தில் காற்று ஒருதரம் சுழன்றது. அவள் விரல் விட்ட அதே கணத்தில் மான் சிலிர்த்துத் திரும்பியது. அம்பு நெஞ்சுக்குப் போகவில்லை, வயிற்றுக்குப் போனது.

அவள் அசையாமல் இருந்தாள். பதறி இறங்கிப் பின்னால் போனால் காயப்பட்ட மான் எவ்வளவு தூரமும் ஓடும். இருட்டுமுன் இறங்கி, மண்ணில் குத்திநின்ற அம்பை மட்டும் பார்த்தாள். பச்சைக் கசடு. சந்தேகமில்லை, குடல். இப்படியான காயத்துக்கு வழி ஒன்றுதான்: இரவு முழுக்க மானை அமைதியாகப் படுக்கவிட்டு, விடிந்ததும் மோப்பநாயோடு தேடவேண்டும். காயம்பட்டதைத் தேடும் நாய்க்காரருக்கு அறிவிப்பது சட்டமும்கூட. மரத்தில் ஒரு கடதாசித் துண்டைக் கட்டி அடையாளம் வைத்தாள். நாய்க்காரிக்கு எடுக்கப் போனைக் காற்சட்டையில் இருந்து உருவி, குளிருக்கு மற்றக் கையை ஜக்கெற்றின் வலது பொக்கற்றுக்குள் விட்டாள். உள்ளே ஏதோ மெத்தென்று இருந்தது.

மேசைக் கடதாசியில் சுற்றிய மூன்று உழுந்து வடைகள். எண்ணெய் ஊறி, வெங்காயமும் பெருஞ்சீரகமும் மணந்துகொண்டு. காலை முழுக்க மண்டபத்துச் சமையல் மணத்தில் இருந்த அவளுடைய மூக்குக்கு அது பிடிபடவில்லை.

நாய்க்காரியோடு கதைத்து முடித்ததும் அண்ணனுக்கு எடுத்தாள்.

"அண்ணை, என்ர பெட்டியைத் திறந்தனியோ?"

"ஓம். காட்டுக்குள்ளை போனால் நீ ஒண்டும் தின்னமாட்டாய். ஏன், சூடு ஆறீட்டுதோ?"

"உன்ர வடை மணத்திலை மான் திரும்பிப்போட்டுது. அம்பு வயித்திலை."

அண்ணன் தொண்டையைச் செருமினான். பிறகு, "டென்மார்க் மான்தானே. உழுந்து வடையின்ர அருமை அதுக்கு எங்கை தெரியும்" என்றான். அவளுக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவன் குரல் இறங்கியது. "பிழை என்ரதான். நாளைக்கு எடுத்துப்போடுவாயோ?"

"எடுப்பன்."

"எடுத்துப்போடு. நான் ஆக்களுக்குச் சொல்லிவைச்சிருக்கிறன்."

அவன் எதைச் சொல்லிவைத்திருந்தான் என்று அவளுக்குத் தெரியும். கோபத்தில் ஒரு வடையைத் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது. மற்ற இரண்டையும் மறுபடி பொக்கற்றுக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை, நாடா கட்டிய சப்பாத்தோடு அவள் பின்வாசலில் நின்றபோது, இரண்டு தெரு தள்ளி இருக்கும் சின்னம்மா யோகம்மா, செய்தி கேட்டு, தலைமுடியைக்கூட முடியாமல் ஓடிவந்தாள். சுஜீவாவைக் கட்டிப்பிடித்து அழுதவள், கீழே பார்த்து அழுகையை நிறுத்தினாள்.

"என்னடி சப்பாத்து இது?"

"காட்டுக்குப் போறன் சின்னம்மா. நேற்று அடிபட்ட மான் கிடக்கு."

"கூடப்பிறந்தவன் செத்துக் கிடக்கிறான். சாவுத் துடக்கோட ரத்தத்தைத் தொடப்போறியோ? ஊர் என்ன சொல்லும்?"

யோகம்மா தவநேசனைப் பார்த்தாள். "நீராவது சொல்லுமன் தம்பி. ராத்திரி முழுக்கக் கிடந்த மான், இறைச்சிக்கும் உதவாது எண்டு முந்தி ஒருக்கா நீர்தானே சொன்னனீர்?"

"இறைச்சிக்குப் போகேல்லைச் சின்னம்மா" என்றாள் சுஜீவா.

"அப்ப என்னத்துக்கு?"

அதற்கு விடை சொல்ல வெளிக்கிட்டால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே போய் அண்ணன் மனைவி நிரோஜினிக்குப் போன் எடுத்தாள்.

"மச்சாள், வாறன். ஆனா முதல் ஒரு வேலை கிடக்கு."

"அந்த மானோ?"

"உங்களுக்கும் சொன்னவரோ?"

"எனக்கு மட்டுமோ? வேலையிலை எல்லாருக்கும் சொல்லியிருப்பார்." நிரோஜினி மூக்கை உறிஞ்சினாள். "எடுத்துப்போட்டு வா. இஞ்சை வீடு முட்ட ஆக்கள். எனக்கு அழ இடமில்லை. நீ வந்தாப்பிறகு அழுவம்."

காட்டு விளிம்பில் நாய்க்காரி பிர்த்தெ காத்துக்கொண்டு நின்றாள். முன்பு தபால்காரியாக இருந்தவள், இப்போது ஓய்வில். அதிகம் கதைக்காத பெண். அவளுடைய நாய் பிலெ, காயப்பட்ட மானின் வாடையை விட்டுவிட்டு, முதலில் வந்து சுஜீவாவின் வலது பொக்கற்றை மோந்தது.

"அதற்குள் என்ன?" என்று பிர்த்தெ டேனிஷ் மொழியில் கேட்டாள்.

"அண்ணன் வைத்த சாப்பாடு. இன்று விடிய அவர் இறந்துவிட்டார்."

பிர்த்தெ தொப்பியைக் கழற்றினாள். "நீ வீட்டுக்குப் போ. நீ அறிவித்துவிட்டாய், உன் கடமை முடிந்தது. நானும் பிலெயும் போதும்."

"அம்பு என்னுடையது" என்றாள் சுஜீவா.

நாயை நீண்ட வாரில் விட்டார்கள். பனி உறைந்த நிலம். பிலெ மூக்கைத் தாழ்த்தி, கடதாசி கட்டிய மரத்தில் தொடங்கி, வேலிப் பக்கம் போய், திரும்பி, ஒரு வடிகாலைத் தாண்டியது. அங்கே வாடை அறுந்தது. பிர்த்தெ நாயை வடிகாலுக்கே கொண்டுவந்து மறுபடி தொடங்கவைத்தாள். மறுபடியும் அறுந்தது. சுஜீவா ஈரத்தில் முழங்கால் ஊன்றி, வடிகால் கரையில் உறைந்த புல்லை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு புல்லின் அடிப்பக்கத்தில், விரல்நகம் அளவுக்குப் பச்சைக் கசடு ஒட்டியிருந்தது. மான் வடிகாலைக் கடக்கவில்லை. அதற்குள்ளேயே தண்ணீரோடு நடந்திருக்கிறது. "இங்கே" என்றாள். பிலெ வாரை இழுத்துக்கொண்டு பாய்ந்தது.

இளம் ஊசியிலை மரங்களின் கீழே மான் படுத்திருந்தது. உயிர் இருந்தது. தலையை நிமிர்த்தி அவர்களைப் பார்த்தது. எழும்ப முயன்றது, முடியவில்லை. பிர்த்தெ தோளில் இருந்து துவக்கை இறக்கினாள். வெடிச் சத்தம் சுஜீவாவுக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். "காதைப் பொத்திக்கொள்" என்றாள்.

சுஜீவா பொத்தவில்லை. பார்வையைத் திருப்பவுமில்லை. வெடி காட்டுக்குள் உருண்டுபோய்க் கடல் பக்கமாக அடங்கியது. மானின் தலை மெல்லச் சரிந்தது.

அவள் போய் அதன் பக்கத்தில் குந்தினாள். ஒரு ஊசியிலைக் கொப்பை முறித்து, பாதியை மானின் வாயில் வைத்தாள். இந்த நாட்டு வேட்டைக்காரர் அதைக் கடைசிக் கவளம் என்பார்கள். மற்றப் பாதியைத் தொப்பியில் செருகிக்கொள்வது வழக்கம். ஒவ்வொரு முறை அவள் வீட்டுக்கு வந்ததும், "மானுக்கு வாய்க்கரிசி போட்டியோ?" என்று அண்ணன் போனில் கேட்பான். "போட்டனான்" என்று அவள் சொன்னால்தான் மற்றக் கதை. அன்று அவள் மற்றப் பாதியைத் தொப்பியில் செருகவில்லை. வலது பொக்கற்றுக்குள் வைத்தாள்.

பிர்த்தெ கை கொடுத்தாள். அந்தக் கைகொடுப்பு வேட்டைக்குரியதா சாவுக்குரியதா என்று இருவரும் யோசிக்கவில்லை. உடுப்பு மாற்றி, ஜக்கெற்றைப் பெட்டிக்குள் வைத்து மூடி, மத்தியானத்துக்கு முன்பே சுஜீவா பிரெடெரிசியாவில் நிரோஜினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழத் தொடங்கியவள் நெடுநேரம் நிறுத்தவில்லை.

செத்தவீடு அடுத்த கிழமை நடந்தது. தேவாலயத்துப் பக்கத்தில் இருந்த சிறிய மண்டபத்தில் ஆனந்தராஜா வேட்டியும் பட்டுச் சால்வையுமாகப் பெட்டிக்குள் கிடந்தான். எஸ்பியர்க், ரண்டர்ஸ் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள். தொழிற்சாலையில் இருந்து டேனிஷ்காரரும் கறுப்பு உடுப்பில் வந்திருந்தார்கள். வாய்க்கரிசி போட வரிசை வாசலுக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடம் வரை நீண்டது. சுஜீவா தலைமாட்டில் நின்றாள். வருகிறவர்கள் அரிசியைப் போட்டுவிட்டு அவளுடைய கையைப் பிடித்து, "என்ன செய்யிறது பிள்ளை" என்றார்கள்.

ஆனந்தராஜாவோடு இரவு வேலை செய்த ஒருவர் முறை வந்தது. அரிசியைப் போட்டார், கும்பிட்டார். நகராமல் நின்றார். எதையோ கேட்கவேண்டும், கேட்கிற இடம் இது இல்லை என்ற தடுமாற்றம் முகத்தில். கடைசியில் குனிந்து, யோகம்மாவுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, குறை நினையாதை. அண்டைக்கு ராத்திரி பிரேக்கிலை ஆனந்தன் எங்கள் எல்லாரோடையும் சொல்லிக்கொண்டிருந்தவன். 'விடியட்டும் பாருங்கோ, என்ர தங்கச்சி எடுப்பாள்' எண்டு. அந்த மான்..."

"எடுத்தாச்சு அண்ணை" என்றாள் சுஜீவா.

அவர் தலையை ஆட்டினார். பெட்டியைத் திரும்பி ஒருதரம் பார்த்தார். பிறகு பின்னால் நின்றவரிடம், "எடுத்தாச்சாம்" என்றார். பின்னால் நின்றவர் தனக்குப் பின்னால் நின்ற டேனிஷ்காரனிடம் டேனிஷில் சொன்னார். அவன் தன் பின்னால் இருந்தவனின் தோளைத் தொட்டான். எடுத்தாச்சாம், எடுத்தாச்சாம் என்று அந்தச் சொல் வரிசையோடு பின்னோக்கி நடந்து, கதவைத் தாண்டி, குளிருக்குள் நின்ற கடைசி ஆள் வரை போனது. தலைமாட்டில் நின்ற சுஜீவா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அழுது வீங்கிய அந்த முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. யோகம்மாவும் கேட்டாள். தான் கண்ணைத் துடைத்த லேஞ்சியை அவளிடம் நீட்டினாள்.

செத்தவீடு முடிந்த எட்டாம் நாள் படையலில் நிரோஜினி மான் கறியும் வைத்தாள். ஒக்டோபரில் சுஜீவா எடுத்து, அண்ணனின் பங்கு என்று குளிர்பெட்டியில் வைத்திருந்த இறைச்சி. சமைத்தது யோகம்மா. "உறைப்புக் காணாது எண்டு சொல்லுவான்" என்று இன்னொரு கரண்டி மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டாள்.

இப்போது மாசியும் முடிகிறது. பருவம் முடிந்த மறுநாளே வேட்டை உடுப்புகளைத் தோய்த்துப் பெட்டியில் வைத்துவிடுவது சுஜீவாவின் வழக்கம். வில்லுக்கு எண்ணெய் போட்டாயிற்று. காற்சட்டை, தொப்பி, கையுறை எல்லாம் தோய்த்துக் காய்ந்தாயிற்று. ஜக்கெற் மட்டும் கொட்டிலில் ஆணியில் தொங்குகிறது. நேற்றுத் தவநேசன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

"இதையும் தோய்ச்சு விடட்டோ? எலி வரப்போகுது."

அவள் அவன் கையில் இருந்து வாங்கினாள். மறுபடி ஆணியில் மாட்டி, தோள்களை நேராக்கி, வலது பொக்கற்றின் மூடியை இழுத்துப் பொத்தானைப் பூட்டினாள். உள்ளே காய்ந்த ஊசியிலைக் கொப்பும் இரண்டு வடைகளும் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கின்றன.